நிலைக் கதவில் ஒரு நம்பர்

முதுகுளத்தூர் பக்கம் போகிறவர்கள் ஏதாவது ஒரு பழைய ஓட்டு வீட்டின் வாசலில் நின்று, கதவு நிலையையும் அதை ஒட்டிய சுவரையும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பஞ்சாயத்து போட்ட கதவு எண் ஒன்று. மின்வாரியத்துக்காரர் எழுதிய சர்வீஸ் நம்பர் இன்னொன்று. எப்போதோ சென்சஸுக்கு வந்த வாத்தியார் எழுதிவிட்டுப் போன எண், பாதி அழிந்த நிலையில். போலியோ சொட்டு மருந்துக்காரர்கள் சாக்பீஸில் கிறுக்கிய எழுத்து. சுண்ணாம்பு அடிக்க அடிக்க, மேலே மேலே புது எண்கள். ஒரு சின்ன ஆவணக் காப்பகமே அந்த ரெண்டடிச் சுவரில் இருக்கும்!

அதே வாசலில், கீழே தரையில் இன்னொரு எழுத்தும் இருக்கிறது. கோலம். அது வீட்டுக்காரம்மா தினமும் காலையில் தன் விருப்பத்துக்குப் போடுவது. மாலைக்குள் மிதிபட்டு அழியும். மறுநாள் புதுசாகப் பிறக்கும். சுவரில் இருப்பது சர்க்கார் எழுதியது. அதை நாம் எழுதச் சொல்லவில்லை, அழிக்கவும் பயம். தரையில் இருப்பது நம் எழுத்து, சுவரில் இருப்பது அரசாங்கத்தின் எழுத்து!

இந்த ‘கதவு எண்’ என்கிற சமாசாரம் எப்போது, எதற்காக நம் வீட்டு வாசலுக்கு வந்தது? அரசாங்கத்துக்கு நம் வீட்டு மேல் அப்படி என்ன அக்கறை?

முதலில் அந்த எண்ணை எழுதும் கருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு தகரத் தகட்டில் எண்ணின் வடிவத்தை வெட்டி எடுத்துவிட்டு, அந்த ஓட்டையின் மேல் பிரஷ்ஷைத் தேய்த்தால் சுவரில் எண் பதிந்துவிடும். ஸ்டென்சில்! எழுதுகிறவருக்குக் கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்கிற அவசியமே இல்லை. ஆயிரம் வீட்டுக்கு எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கும். மூட்டையில் மார்க் போடுவது, டின்னில் கம்பெனி பெயர் போடுவது என்று எல்லாவற்றுக்கும் இதே தகடுதான். அமெரிக்காவில் மகன், மகள் வீட்டுக்குப் போய் வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அங்கே பல ஊர்களில் வீட்டு எண்ணை வாசலுக்கு நேரே, ரோட்டோர விளிம்புக் கல்லில் ஸ்டென்சில் வைத்து எழுதுகிறார்கள். வெள்ளைப் பட்டை, அதன் மேல் கறுப்பு எண். ராத்திரியில் தீயணைப்பு வண்டியோ ஆம்புலன்ஸோ வந்தால் தடுமாறக் கூடாதே! சிலர் பக்கத்தில் பூ, கொடி, தங்களுக்குப் பிடித்த விளையாட்டு அணியின் சின்னம் என்றும் வரைந்துகொள்கிறார்கள். அவர்கள் ஊர்க் கோலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

ஸ்டென்சில் ஏதோ தொழிற்சாலைக் காலத்துக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இந்தோனேஷியாவின் சுலவேசி தீவில் ஒரு குகை. அங்கே பாறையில் உள்ளங்கையை வைத்து, சுற்றிலும் காவி நிறச் சாயத்தை ஊதியிருக்கிறார் ஒரு ஆதி மனிதர். கையை எடுத்ததும், கையின் வடிவம் மட்டும் பாறையில் தங்கிவிட்டது. அதன் வயது குறைந்தது 39,900 ஆண்டுகள் என்று 2014-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொன்னார்கள். உலகின் ஆரம்பகால ஸ்டென்சில், மனிதனின் கை! அது சொல்லும் சேதி ஒன்றே ஒன்றுதான்... ‘இங்கே ஒருவர் இருந்தார்!’

இந்தச் சேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதவு எண்ணின் கதைக்கு இது தேவைப்படும்.

நம்பர் வருவதற்கு முன்னால் ஜனங்கள் வீட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ‘வேப்பமரத்து வீடு’, ‘கணக்கப்பிள்ளை வீடு’, ‘கிணத்தடி வீடு’... அவ்வளவுதான். ஊருக்குள் நுழையும்போதே, “ஏப்பா, யார் வீட்டுக்குப் போகணும்?” என்று நாலு பேர் கேட்டுவிடுவார்கள். ஊர்க்காரனுக்கு எண் தேவைப்படவில்லை. எண் தேவைப்பட்டது, ஊரைத் தெரியாத ஒருவருக்கு! வெளியிலிருந்து வந்து, யாரையும் விசாரிக்காமல், நேராக உங்கள் கதவைத் தட்ட நினைக்கும் ஒருவருக்கு. யார் அந்த வெளியாள்?

ஐரோப்பாவில் அது ராணுவம்.

1770. ஆஸ்திரியப் பேரரசை ஆண்டவர் மகாராணி மரியா தெரசா. பிரஷ்யாவோடு மோதி மோதிக் களைத்துப்போன அவருக்குத் தேவை, சிப்பாய்கள். எந்த ஊரில், எந்த வீட்டில், எத்தனை வாலிபர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால்தானே பிடித்துவர முடியும்? ராணுவ அதிகாரிகளும் குமாஸ்தாக்களும் கிராமம் கிராமமாகப் புறப்பட்டார்கள். சுமார் 11 லட்சம் வீடுகளுக்கு எண் எழுதினார்கள். வியன்னா நகரில் சிவப்பு மையில். மற்ற இடங்களில் கறுப்பில். வியன்னாவில் 1-ம் நம்பர் எந்த வீடு தெரியுமா? அரண்மனை!

அரண்மனைக்கும் நம்பர், குடிசைக்கும் நம்பர்... ஆஹா, சமத்துவம் என்று கைதட்டிவிடாதீர்கள். பொஹீமியாவில் யூதர்களின் வீடுகளுக்கு மட்டும் ரோமன் எண்களை எழுதச் சொன்னார்கள். வாசலைப் பார்த்ததுமே உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துவிட வேண்டும்! எண் எல்லோருக்கும் பொது. ஆனால், எழுதுகிற கை நினைத்தால் அதிலேயே ஒரு கோடு கிழித்துப் பிரித்துவிட முடியும்.

ஜனங்கள் சும்மா இருந்தார்களா? எண்ணைச் சுரண்டினார்கள். சேற்றையும் சாணியையும் அப்பினார்கள். ‘நம்பர் இருந்தால்தானே பையனைத் தேடி வருவாய்?’ என்கிற எளிமையான தர்க்கம்!

பாரீஸில் 1805-ல் நெப்போலியன் ஆட்சியில் ஓர் ஆணை வந்தது. தெருவின் ஒரு பக்கம் ஒற்றைப்படை எண்கள், மறுபக்கம் இரட்டைப்படை. செய்ன் நதியை ஒட்டிப் போகும் தெருக்களுக்குச் சிவப்பு எண், நதியை விட்டு விலகிப் போகும் தெருக்களுக்குக் கறுப்பு எண். எண்ணின் நிறத்தைப் பார்த்தே ஆறு எந்தப் பக்கம் என்று புரிந்துகொள்ளலாம். கில்லாடி ஏற்பாடு! ஜெர்மனியின் கொலோன் நகரைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது, அங்கேயும் வீடுகளுக்கு எண் போட்டார்கள். க்ளாக்கன்காஸ்ஸே என்கிற தெருவில் ஒரு வீட்டுக்கு விழுந்த எண் 4711. அந்த வீட்டில் வாசனைத் தைலம் தயாரித்தவர்கள் பிற்பாடு அந்த எண்ணையே பிராண்டாக்கிவிட்டார்கள். இன்றைக்கும் ‘4711’ என்ற பெயரில் அந்த சென்ட் விற்கிறது. படையெடுத்து வந்தவன் போட்ட நம்பரைக் காசாக்கிய சாமர்த்தியம்!

சரி, நம்மூருக்கு வருவோம். இங்கே வெளியாள், கிழக்கிந்தியக் கம்பெனியும் அதன் வாரிசான பிரிட்டிஷ் சர்க்காரும்.

சென்னை ராஜதானியில் 1851-52 முதலே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். 1871 நவம்பரில் பெரிய அளவில் ஒரு சென்சஸ். அப்போது ராமநாதபுரம் என்று தனி ஜில்லா கிடையாது. அது 1910-ல்தான் பிறந்தது. முதுகுளத்தூர் உள்பட அந்தச் சீமை முழுக்க மதுரை ஜில்லாவில், ராமநாதபுரம் ஜமீனுக்குள் இருந்தது. 1881 பிப்ரவரி 17-ம் தேதி இரவு, இந்தியா பூராவுக்கும் ஒரே நேரத்தில் கணக்கெடுப்பு. ஒரே ராத்திரியில் எண்ண வேண்டும் என்றால் எந்த வீடும் விட்டுப்போகக் கூடாது. எந்த வீடும் ரெண்டு தடவை வரவும் கூடாது. ஆக, தலையை எண்ணுவதற்கு முன் வீட்டை எண்ணியாக வேண்டும். காவிக்கல்லைக் கரைத்தும் தாரைத் தொட்டும் எண் எழுதப் புறப்பட்டார்கள் சர்க்கார் ஆட்கள். கிராமங்களில் இந்த வேலை பெரும்பாலும் கர்ணத்தின் தலையில் விழுந்தது.

அதில் ஒரு வேடிக்கையான சிக்கல். வீடு என்றால் என்ன? ஒரே வாசலுக்குள் மூணு அண்ணன் தம்பிகள், மூணு அடுப்பு. இது ஒரு வீடா, மூணு வீடா? வாசலை எண்ணுவதா, அடுப்பை எண்ணுவதா? அதிகாரிகள் பல சென்சஸுக்கு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நம் வீட்டுப் பெண்களிடம் கேட்டிருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார்கள்... உலை தனி என்றால் வீடு தனி!

ஜனங்களுக்கோ பயம். ‘வீட்டில் நம்பர் போடுகிறான் என்றால் வரி போடப் போகிறான்’, ‘பையனைச் சண்டைக்குப் பிடித்துப்போகப் போகிறான்’ என்று வதந்திகள். சந்தால் பழங்குடிகள் 1881 கணக்கெடுப்பை எதிர்த்துக் கலவரப்பட்டார்கள்.

அந்த 1881 கணக்கு வேறொரு உண்மையையும் சொன்னது. 1871-ல் சென்னை ராஜதானியின் ஜனத்தொகை சுமார் 3 கோடியே 12 லட்சம். பத்து வருடம் கழித்துக் கூடியிருக்க வேண்டும் அல்லவா? சுமார் 3 கோடியே 8 லட்சமாகக் குறைந்திருந்தது! நடுவில் வந்துபோனது 1876-78 பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று நம் தாத்தாக்களின் தாத்தாக்கள் சொல்லி அழுதது அதைத்தான். எண்ணியதால்தான் அந்த இழப்பின் அளவு ஏட்டில் ஏறியது. எண்ண வந்தவரின் நோக்கம் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும்; எண்ணிக்கை சாட்சி சொல்லிவிடுகிறது.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. அப்போது வாசல் எழுத்துக்கு இன்னொரு முகம். இருட்டும் நெரிசலுமான வீடுகளின் சுவரில் ‘யூ.எச்.எச்.’ என்று மூன்று எழுத்துகளை எழுதினார்கள். ‘மனிதர் வசிக்கத் தகுதியற்றது’ என்று அர்த்தம். எழுத்து விழுந்தால், காலி பண்ண வேண்டியதுதான். அடுத்து புனே. பிளேக் நோயாளிகளைத் தேடி சிப்பாய்கள் வீட்டுக்குள் புகுந்தார்கள். பூஜை அறை, சமையலறை என்று எதுவும் பாக்கியில்லை. கொதித்துப்போன சாபேகர் சகோதரர்கள், பிளேக் கமிட்டித் தலைவர் ராண்டை 1897 ஜூன் 22 இரவு சுட்டார்கள். வாசலில் எழுதுகிறவன் அடுத்து உள்ளே நுழைவான் என்கிற பயம் சும்மா வந்ததல்ல.

1931-ல் அந்த பயம் போராட்டமாகவே மாறியது. சட்டமறுப்பு இயக்கம் நடந்துகொண்டிருந்த நேரம். ஜனவரி 11-ம் தேதியை சென்சஸ் பகிஷ்கரிப்பு நாளாக அறிவித்தது காங்கிரஸ். அகமதாபாத் போன்ற ஊர்களில் கணக்கெடுப்பு தடுமாறிப்போனது. ‘நீ யாரடா என்னை எண்ணுவதற்கு?’ என்று ஜனங்கள் கேட்டார்கள்.

ராமநாதபுரம் கடற்கரையில் அதைவிடக் கசப்பான ஒரு கதை உண்டு. வீட்டுக்கு எண் போடுவது போதாது என்று ஆளுக்கே எண் போட்ட கதை!

வானம் பொய்த்தால் வாழ்வு பொய்க்கும் சீமை இது. பிழைப்புத் தேடி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கிளம்பியவர்கள் ஏராளம். 1900-களின் தொடக்கத்தில் அவர்களுக்குத் தகரத் துண்டு முறை வந்தது. போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த சின்னத் தகர வில்லை. அதைக் கழுத்தில் கட்டிக்கொள்ள வேண்டும். படிக்கத் தெரியாத தொழிலாளி, தகரத்தைக் காட்டினால் போதும். தோட்டம் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில். மூட்டைக்கு மார்க் போடுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும், தனுஷ்கோடி - தலைமன்னார் வழிதான் பிரதான பாதை. புறப்படும் முன் மண்டபம் முகாமில் அடைத்துவைத்து, மருத்துவப் பரிசோதனை செய்து, நோயில்லை என்று உறுதியான பிறகுதான் அக்கரைக்கு அனுப்பினார்கள்.

பிறகு 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு அரசுகளும் கையெழுத்துப் போட்டன. தலைமுறைகளாகத் தேயிலை பறித்தவர்கள், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, அதே மண்டபம் முகாமுக்கு வந்தார்கள். தாத்தா போனபோது கழுத்தில் எண் இருந்தது. பேரன் திரும்பியபோது போய்ச் சேர ஒரு கதவு எண் இல்லை!

இதுவரை படித்தால், வாசலில் எழுதுகிற அரசாங்கம் என்றாலே வில்லன்தானா என்று தோன்றும். அங்கேதான் கதை திரும்புகிறது.

சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியாவில் வருடத்துக்குச் சுமார் 7.5 கோடி பேரை மலேரியா பிடித்தது. 8 லட்சம் பேர் செத்தார்கள் என்பது மதிப்பீடு. 1953-ல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1958-ல் அதுவே ஒழிப்புத் திட்டமானது. வீட்டுச் சுவருக்கு டி.டி.டி. அடித்தார்கள். அடித்த வீட்டின் சுவரில் ஸ்டென்சில் வைத்து ஒரு கட்டம் பதித்தார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலேரியா ஊழியர் சைக்கிளில் வருவார். “யாருக்காவது காய்ச்சலா?” என்று கேட்பார். இருந்தால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார். அந்தக் கட்டத்தில் தேதியையும் கையெழுத்தையும் போட்டுவிட்டுப் போவார். இப்போது ஐம்பது, அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தச் சுவர்க் கட்டம் ஞாபகம் இருக்கும்.

அந்தக் கட்டத்தின் விசேஷம் இதுதான்... அது வீட்டுக்காரரைக் கண்காணிக்கவில்லை. ஊழியரைக் கண்காணித்தது! மேலதிகாரி எந்த நாளும் வந்து சுவரைப் பார்த்தால், ஆள் வந்தாரா, டபாய்த்தாரா என்று தெரிந்துவிடும். வாசல் எழுத்து முதல்முறையாக சர்க்கார் ஆளைக் கேள்வி கேட்டது. 1965-ல் நாடு முழுக்க மலேரியா நோயாளிகள் வெறும் ஒரு லட்சம் பேர்! அப்புறம் அலட்சியம் வந்தது, கொசுவுக்கு மருந்து பழகிப்போனது, 1976-ல் எண்ணிக்கை 64 லட்சத்தைத் தாண்டியது. ராமேஸ்வரம் தீவும் ராமநாதபுரம் கடற்கரையும் அதற்குப் பிறகும் வெகுகாலம் மலேரியாவோடு மல்லுக்கட்டின. சுவரில் தேதி நின்றுபோன இடத்தில் காய்ச்சல் திரும்பி வந்தது என்று சொன்னால் தப்பில்லை.

பெரியம்மையை விரட்டியதும் வீடு வீடாகப் போய்த்தான். 1974-ல் ஒவ்வொரு தேடல் சுற்றிலும் நாடு முழுக்கக் கோடிக்கணக்கான வீடுகளைத் தட்டினார்கள். 1975-ல், ‘பெரியம்மை நோயாளி ஒருவரைக் காட்டினால் ஆயிரம் ரூபாய்’ என்று பரிசு அறிவித்தார்கள். பரிசு வாங்க நோயாளியே கிடைக்கவில்லை! போலியோவுக்கும் அதே வழி. எல்லாக் குழந்தைக்கும் மருந்து கொடுத்தாகிவிட்டால் கதவில் ‘பி’. ஒரு குழந்தை விட்டுப்போயிருந்தாலும் ‘எக்ஸ்’. எக்ஸ் போட்ட வீட்டுக்கு மறுபடியும் வந்தாக வேண்டும். இந்தியாவின் கடைசி போலியோ நோயாளி, 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட குழந்தை. ஒரு சாக்பீஸ் துண்டு செய்த சாதனை சாதாரணமானதா?

ஆக, ஆரம்பத்தில் நம்மைப் பிடிக்க வந்த எண், பிறகு நம்மைக் காப்பாற்றவும் வந்தது. எண் மாறவில்லை, எழுதுகிறவரை நாம் கேள்வி கேட்க முடியுமா, முடியாதா என்பதுதான் மாறியது.

இப்போது காட்சியே தலைகீழ். சாணியை அப்பி அழித்த எண்ணை, இன்றைக்கு மனுப்போட்டுக் கேட்கிறோம்! கதவு எண் இருந்தால்தான் வீட்டு வரி ரசீது. ரசீது இருந்தால் கரன்ட் கனெக்‌ஷன் சுலபம். ரேஷன் கார்டு, பேங்க் கடன், பிள்ளைக்குப் பள்ளிக்கூட அட்மிஷன் என்று எல்லாமே அந்தத் தகர ஸ்டென்சிலுக்குப் பின்னால் வரிசை கட்டி நிற்கின்றன. புறம்போக்கில் குடிசை போட்டவரைக் கேளுங்கள். ‘எங்க வீட்டுக்கும் ஒரு நம்பர் போடுங்க சார்’ என்று எத்தனை வருடம் நடந்திருப்பார்! சென்னைவாசிகளுக்கோ வேறு தொல்லை. மாநகராட்சி புது எண் கொடுத்தது, பழைய எண்ணை யாரும் விடவில்லை. ‘பழைய எண் 12, புதிய எண் 25’ என்று விலாசமே ஒரு கணக்குப் பாடம் ஆகிவிட்டது. சிலருக்கு ரெண்டு நம்பர், சிலருக்கு ஒன்றுகூட இல்லை!

2025-ல் வாக்காளர் பட்டியல் சர்ச்சையில் ஒரு விஷயம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. சில வாக்காளர்களின் விலாசத்தில் வீட்டு எண் ‘0’ என்று இருந்தது. பூஜ்யமா? அந்த ஆகஸ்டில் தலைமைத் தேர்தல் ஆணையர் விளக்கம் சொன்னார். வீடே இல்லாதவர்கள், பஞ்சாயத்தோ நகராட்சியோ எண் கொடுக்காத வீட்டில் இருப்பவர்கள் எனப் பலருக்கு அப்படி பூஜ்யம் போடப்படுவதாக. அரசியல் விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். பாலத்துக்கு அடியில் படுத்திருப்பவருக்கும் ஓட்டு உண்டு. ஆனால் அவர் வீட்டு எண் பூஜ்யம். அந்த ஒற்றை வட்டத்தை யோசித்துப் பாருங்கள்.

2021-ல் வந்திருக்க வேண்டிய சென்சஸ் கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மார்ச் 1-ம் தேதியை வைத்து நடத்தப்படும் என்று 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. இந்த முறை காகிதத்துக்குப் பதில் செல்போன் செயலி. இருந்தாலும் முதல் வேலை அதே பழைய வேலைதான்... வீடுகளைப் பட்டியலிடுவது.

முதுகுளத்தூர் சுற்றுவட்டாரத்தில் மழையில்லாத வருடங்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. ஆட்கள் சென்னையிலோ, திருப்பூரிலோ, வளைகுடாவிலோ இருப்பார்கள். வாசலில் கோலம் இருக்காது. கோலம் போட ஆள் வேண்டுமே! ஆனால், நிலைக் கதவுக்குப் பக்கத்தில் அந்த மங்கிய எண் மட்டும் இருக்கும். எண்ண வருகிறவர் அதைப் பார்த்து, பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டும். “இந்த வீட்டுக்காரங்க எங்கே?”

அப்படி விசாரிக்கிற ஒருவருக்காகத்தான் அந்த எண். ‘இங்கே ஒருவர் இருக்கிறார்’ என்று சொல்லத்தானே நாற்பதாயிரம் வருடம் முன்னால் ஒருவர் பாறையில் கையை வைத்தார்?